மறு: ‘வானிலையாலழிதல்’ வேண்டாம், ‘பாறைநைவு’ எண்டு வைப்பமா?

வணக்கம் எல்லாருக்கும்,

போன கிழமை தொடங்கின இந்தக் கதையை நான் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான். பாறை இருந்த இடத்திலயே பலம் கெட்டுப் போறதை ஆங்கிலத்தில வெதரிங் (weathering) எண்டு சொல்லினம், அதுக்கு தமிழ்ல என்ன எண்டு ஆளாளுக்கு ஒவ்வொரு சொல் போட்டுக்கொண்டு வாறியள், நல்ல விஷயம், ஆனா பழைய சொல்லில என்ன பிழை எண்டு ஒருத்தரும் விளக்கமா எழுதேல்ல. அதைப் பாக்காம புதுச்சொல் தேடினா அதே பிழைதான் திரும்பவும் வரும் எண்டு எனக்குப் படுது, அதாலதான் இந்த நீட்டுக் கடிதம்.

நான் வெள்ளவத்தையில உயர்தரப் பிள்ளையளுக்கு புவியியல் ரியூஷன் குடுக்கிறன். எங்கட இலங்கைப் புத்தகங்களில வெதரிங் எண்டா ‘வானிலையாலழிதல்’. போன தவணை ஒரு பிள்ளை விடைத்தாளில எழுதியிருந்தா, வானிலையாலழிதல் எண்டா மழையும் காத்தும் பாறையை அழிச்சு கடலுக்குக் கொண்டுபோறது எண்டு. நானும் சிவப்புப் பேனையால வெட்டிப்போட்டன். வெட்டினாப் பிறகுதான் யோசிச்சன், அந்தப் பிள்ளை சொல்லைப் பிரிச்சுப் பாத்து நேர்மையா எழுதியிருக்கு, அழிதல் எண்டா இல்லாமப் போறது எண்டுதானே வீட்டில நாங்கள் எல்லாரும் கதைக்கிறம், அப்ப பாறை எங்கயோ போயிட்டுது எண்டு அது நினைச்சதில என்ன பிழை? சொல்லுத்தான் பிள்ளையைப் பிழையா நடத்தியிருக்கு.

வெதரிங்கில பாறை எங்கயும் போறேல்ல. இருந்த இடத்திலயே இருந்து பலம் கெட்டுப் போகுது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு தண்ணியோ காத்தோ அலையோ வந்து தூக்கிக்கொண்டு போனா அது எரோஷன், அரிப்பு. தூக்கிக்கொண்டு போனதை ஓட்டம் குறையிற இடத்தில போட்டா படிவு. நிலம் தேயிறதும் நிலம் வளருறதும் இந்தச் சங்கிலியாலதான் நடக்குது, அப்ப ஒவ்வொரு கண்ணிக்கும் வைக்கிற சொல் முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேணும்: பொருள் இடம் மாறினதா இல்லையா? அரிப்பு எண்டா மாறினது, படிவு எண்டா வந்து சேந்தது, ரெண்டும் தெளிவு. வானிலையாலழிதல்தான் ஒண்டும் சொல்லாம நிக்குது.

அடுத்தது ‘வானிலை’. ஆலமரத்து வேர் பாறை வெடிப்புக்குள்ள போய்ப் பிளக்கிறதும் வெதரிங்தான், அதில வானிலை எங்க இருக்கு? மண்ணுக்குள்ள பல அடி ஆழத்தில, வெயிலும் காத்தும் படாத இடத்தில, காபனீரொட்சைட்டு கலந்த தண்ணி பெல்ட்ஸ்பார் எண்ட கனியத்தைக் களியாக்கிக்கொண்டு இருக்கு, அதுவும் வெதரிங்தான். ஆங்கிலச் சொல்லே அந்த விஷயத்தில சரியில்லாத சொல், அதை அப்பிடியே மொழிபெயர்த்ததால அந்தக் குறையையும் சேத்து வாங்கிக்கொண்டம். ஐம்பது அறுபதுகளில சொற்றொகுதி போட்ட பெரியாக்களில எனக்கு நிறைய மரியாதை இருக்கு, அவை இல்லாட்டி நாங்கள் தமிழ்ல விஞ்ஞானமே படிச்சிருக்க மாட்டம், ஆனா இந்த ஒரு சொல்லை மாத்தினா அவை கோவிக்க மாட்டினம்.

தமிழ்நாட்டில ‘வானிலைச் சிதைவு’ எண்டும் ‘பாறைச் சிதைவு’ எண்டும் எழுதினம். ரெண்டாவது பரவாயில்லை, வானிலை போயிட்டுது. ஆனா சிதைவு எண்டா உடைஞ்சு துண்டு துண்டாப் போறதுதான் கண்ணுக்கு முன்னால வருது. எங்கட நாட்டில பாறை அப்பிடியா கெடுது? குளிர் நாட்டுப் புத்தகத்தில முதல் உதாரணமே வெடிப்புக்குள்ள தண்ணி உறைஞ்சு, உறையேக்க நூற்றுக்கு 9 பங்கு கிட்ட வீங்கி, பாறையைப் பிளக்கிறது. கொழும்பில இருக்கிற பிள்ளை ஃபிரிட்ஜுக்கு வெளியில ஐஸ் கண்டதில்லை. எங்கட சூட்டுக்கும் மழைக்கும் இங்க நடக்கிறது பெரும்பாலும் ரசாயன வேலை, சத்தமில்லாம, உள்ளுக்குள்ளால.

பொரலஸ்கமுவவில கயோலின் கிடக்கு, வெள்ளைக் களி, பீங்கான் செய்ய எடுக்கிறது. அது ஒரு காலத்தில பெல்ட்ஸ்பார் உள்ள இறுகின பாறை. அந்தக் கெட்டியான பாறை இருந்த இடத்திலயே களியாப் போயிருக்கு. இதைச் சிதைவு எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல, அழிவு எண்டு சொல்லவே ஏலாது, புதுசா ஒரு பொருளே பிறந்திருக்கே.

கபுக் கல் இன்னும் நல்ல சாட்சி. கொழும்பில பழைய வீட்டுச் சுவர் பூச்சு உதிர்ந்த இடத்தில பாத்தீங்களெண்டா ஓட்டை ஓட்டையா செம்மஞ்சள் கல் தெரியும், அதுதான். புக்கானன் எண்டவர் கேரளத்து அங்காடிப்புறத்தில இதே கல்லைப் பாத்துத்தான் 1807 இல லற்றரைற் எண்டு பேர் வைச்சவர், லத்தீன்ல செங்கல் எண்டு அர்த்தம், ஏனெண்டா வெட்டேக்க மெத்தெண்டு இருக்கும், வெளியில எடுத்து வைச்சா இறுகி செங்கல் மாதிரி ஆயிடும். மழை பாறைக்குள்ள இருந்த சிலிக்காவையும் மற்ற உப்புகளையும் மெல்ல மெல்லக் கழுவிக்கொண்டு போக இரும்பும் அலுமினியமும் ஒட்சைட்டா மிஞ்சின கல் அது. வெதரிங் குடுத்த கல்லால வீடு கட்டிப்போட்டு அதை ‘அழிதல்’ எண்டு படிப்பிக்கிறம்!

சரி, என்ர சொல்லுக்கு வாறன். அம்மா பழைய சீலையைக் கையில எடுத்துப் பாத்துட்டு “நைஞ்சு போச்சு” எண்டு சொல்லுவா. சீலை கிழியேல்ல, துண்டாகேல்ல, அலுமாரியை விட்டு எங்கயும் போகேல்ல, ஆனா இழை இழையா பலம் கெட்டுப்போச்சு, இனி இழுத்தா வரும். வெயில், வேர்வை, சவுக்காரம், தோய்ச்சுப் பிழிஞ்சது எல்லாம் சேந்து செய்த வேலை. வெதரிங்கும் இதேதான், வெப்பம், தண்ணி, அமிலம், வேர் எல்லாம் சேந்து, இருந்த இடத்திலயே. அதால பாறைநைவு.

முதல்ல நான் ‘உக்கல்’ எண்டுதான் யோசிச்சனான். குப்பைத்தொட்டியில உக்குறது உக்காதது எண்டு எங்கட ஆக்கள் தெளிவா பிரிச்சுச் சொல்லினம், சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனா பாலைவனத்தில வெயிலுக்கும் குளிருக்கும் வெடிச்சு விழுற பாறையை உக்கினது எண்டு சொல்ல ஏலாது. அதால நைவு பொதுச்சொல்லா நிக்கட்டும், ரசாயனத்தால நடக்கிறது உக்கல், பௌதிகத்தால நடக்கிறது பிளவு, இப்பிடி அதுக்குக் கீழ ரெண்டையும் வைக்கலாம். இன்னொண்டும் கேக்கிறன். அவிசாவளைப் பக்கம் றோட்டுக்கு வெட்டின மலையோரத்தில பாறையின்ர வரி, அடுக்கு எல்லாம் அப்பிடியே தெரியும், ஆனா விரலால நோண்டினா உதிரும், பாக்கப் பாறை, தொட்டா மண். சப்ரோலைற் எண்டு சொல்லுவினம். அதுக்கு ‘நைபாறை’ எண்டு வைச்சா எவ்வளவு வடிவா இருக்கு.

ஒரு இடத்தில மட்டும் எனக்கே இடிக்குது, மறைக்காமச் சொல்லுறன். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல். மழைத்தண்ணி அதைக் கரைக்குது, கரைஞ்சது தண்ணியோட போயிடுது, நிலாவரைக் கிணறு மாதிரிப் பள்ளம் மிஞ்சுது. இங்க பொருள் இடம் மாறிட்டுதே, அப்ப இது நைவா அரிப்பா? உலகம் முழுக்க இதை ரசாயன வெதரிங்குக்குள்ளதான் வைக்கினம். நான் இதைக் ‘கரைவு’ எண்டு தனியா பேர் சொல்லி நைவுக்குள்ளயே வைப்பன், ஏனெண்டா கல்லை விட்டுக் கழண்டது கல்லுத்துண்டாப் போகேல்ல, தண்ணிக்குள்ள உப்பாப் போச்சு. உங்களுக்கு வேற மாதிரிப் பட்டா எழுதுங்கோ.

கடைசியா படிவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெண்டா இங்க எல்லாரும் தேயிற பக்கத்தையே கதைச்சுக்கொண்டு இருக்கிறம். வெள்ளவத்தைக் கடற்கரை மணலைக் கையில அள்ளிப் பாருங்கோ, பெரும்பகுதி குவார்ட்ஸ் எண்ட கனியம். பாறையில அதோட கூட இருந்த பெல்ட்ஸ்பார் நைஞ்சு களியாகிப் போச்சு, குவார்ட்ஸ் மட்டும் நையாமத் தப்பி ஆத்தோட இறங்கி வந்திருக்கு. எது எவ்வளவு கெதியா நையும் எண்டு 1938 இலயே கோல்டிச் எண்டவர் வரிசைப்படுத்தினவர், அதில கடைசி வரை நிண்டுபிடிக்கிறது குவார்ட்ஸ். இரத்தினபுரியில மாணிக்கம் எடுக்கிற ‘இல்லம்’ எண்ட பரல் படையும் இப்பிடித்தான், நைஞ்சது போக நையாதது ஆத்துப் பள்ளத்தில சேந்தது. படிவுக்கு எங்கட தொழிலாளியள் வைச்ச அருமையான சொல் அது, பாடப்புத்தகத்தில வரவேணும். இன்னொரு பக்கம், களனி ஆத்தில மணலை அள்ளி அள்ளி அடித்தளம் இறங்கிப்போக, கடல்தண்ணி ஏறி, கொழும்புக்கு ஆத்துத்தண்ணி எடுக்கிற அம்பத்தலையில எங்கட குடிதண்ணிக்கே பிரச்சினையாச்சு, அந்த மணல் கடலுக்கு வராட்டி கரையும் மெலியும். பேப்பரில ‘கடலரிப்பு’ எண்டு மட்டும் போட்டா குற்றம் முழுக்க கடலுக்குப் போயிடுது. முகத்துவாரம் எண்டு ஊருக்கே பேர் வைச்ச ஆக்கள் நாங்கள், ஆறு கடலுக்கு என்ன குடுக்குது எண்டதை மறக்கலாமா?

எண்டு நான் (வெள்ளவத்தை)

---

சேர், வணக்கம்.

முழுசா வாசிச்சேன். நான் கொட்டாஞ்சேனையில வேலை செய்றேன், சொந்த ஊர் பதுளைப் பக்கம் தோட்டம். நைவுன்ற சொல்ல அம்மாகிட்ட போன்ல சொல்லிப் பார்த்தேன், “மண்ணு நைஞ்சி கெடக்கு, மழை பேஞ்சா எறங்கிரும்னு சொல்ற மாதிரியா”ன்னு ஒடனே கேட்டாங்க. வானிலையாலழிதல்னு சொன்னப்ப ஒண்ணும் வெளங்கல அவங்களுக்கு. அதனால எனக்கு சம்மதம்.

ஆனா ஒண்ணு சேர். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. அன்னைக்கு மலை சரிஞ்சு, தோட்டத்து ஆளுங்க இருந்த லய வீடுங்களே மண்ணுக்குள்ள போனத எங்க பக்கத்துல யாரும் மறக்க மாட்டோம். 2016 மே மாசம் அரநாயக்கவும் அப்படித்தான். ஒங்க சங்கிலியில நைவுக்கும் அரிப்புக்கும் நடுவுல ஒரு கண்ணிய விட்டுட்டீங்க. தண்ணி தூக்கிட்டுப் போகாம, அதோட சொந்தப் பாரத்துலயே மலை எறங்குறது. மண்சரிவுன்னு ஒரே சொல்லத்தான் எல்லாத்துக்கும் சொல்றோம், அதைக் கேட்டா படார்னு விழுறதுதான் ஞாபகத்துக்கு வருது. ஆனா அதுக்கு முன்னாடியே நெலம் மெதுவா நகரும், கம்பமும் மரமும் சாயும், செவுத்துல வெடிப்பு விடும், கதவு நெலையில சிக்கும், புதுசா ஊத்து வரும், தண்ணி கலங்கலா வரும். அந்த மெதுவா நகருறதுக்கு மக்கள் வாயில நிக்கிற மாதிரி ஒரு சொல் வேணும். ‘ஊர்வு’ன்னு வைக்கலாமா? மண்ணு ஊருதுன்னு சொன்னா எங்க ஆயாவுக்கும் வெளங்கும், வெளங்குனாத்தான் வீட்ட விட்டு வெளிய வருவாங்க.

இன்னொரு சந்தேகம், பாறைநைவுன்னா பாறை மட்டுந்தானா, ஏற்கனவே எறங்கி வந்து தங்குன மண்ணும் கல்லும் மறுபடியும் நையுமே?

---

தங்கச்சி,

நீங்கள் எழுதினதை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். நான் விட்டது பெரிய பிழை, அதுவும் நைவைப் பற்றி அவ்வளவு எழுதிப்போட்டு அதால வாற ஆபத்தை எழுதாம விட்டது. மலைநாட்டில பாறைக்கு மேல தடிப்பா நைஞ்ச மண் இருக்கிறதாலதான் மழைத்தண்ணி அவ்வளவு உள்ள போகுது, பாரமும் கூடுது, பிடிப்பும் விடுது. அப்ப ஒழுங்கு இப்பிடி வரும்: முதல் நைவு, பிறகு ஊர்வு அல்லது சரிவு, பிறகு அரிப்பு, கடைசியில படிவு. ஊர்வு மெதுவு, சரிவு கெதி. ரெண்டிலயும் பொருள் இடம் மாறுது, ஆனா கொண்டுபோறது தண்ணியும் இல்லை காத்தும் இல்லை, ஈர்ப்புத்தான்.

‘ஊர்வு’ எனக்கு நூறு வீதம் சம்மதம். ஊர்தல் எண்டாலே கண்ணுக்குத் தெரியாம அசையிறது, பாம்பு ஊருது, எறும்பு ஊருது எண்டு சொல்லேக்க இருக்கிற அந்தப் பயமும் அதோட சேந்து வருது, எச்சரிக்கைப் பலகையில அது வேணும்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில மண்சரிவு அறிவித்தல் விடேக்க தமிழ்லயும் விடுறது, அதை எழுதுற மேசையில ஆரும் இந்தக் குழுவில இருந்தா ஊர்வு எண்ட சொல்லைத் தயவுசெய்து கவனத்தில எடுங்கோ.

ரெண்டாவது சந்தேகத்துக்கு: சரி, பாறை எண்டு முன்னால கட்டிவைக்கத் தேவையில்லை. தலைப்பிலயும் முதல் தரம் சொல்லேக்கயும் பாறைநைவு, மற்ற இடமெல்லாம் வெறும் நைவு. நைந்த மண், நையாத கனியம், நைவின் ஆழம், பாறை நைகிறது, எல்லாம் இழுக்காம வருது பாருங்கோ. ‘வானிலையாலழிந்த’ எண்டு வினையெச்சம் பெயரெச்சம் போட்டு எழுதி நாங்கள் பட்ட பாடு இனி இல்லை.

மற்றது இங்க ஒரு அண்ணா கிரேடேஷனுக்கு ‘தரப்படுத்தல்’ எண்டு போட்டிருந்தார், மேடு தேய்ஞ்சு பள்ளம் நிரம்பி வாற முழு வேலைக்கும். அண்ணா, குறை நினைக்காதேங்கோ, இலங்கையில அந்தச் சொல்லைக் கேட்டா எழுபதுகளில கம்பஸ் அனுமதிக்கு தமிழ்ப் பிள்ளையளிட்ட கூடின புள்ளி கேட்டதுதான் எங்கட வீடுகளில நினைவுக்கு வரும், அதை ஆத்துப் படுக்கைக்கு வைக்க ஏலாது. ‘சமன்படுத்தல்’ எண்டாலும் முழுக்கச் சரியில்லை, ஆறு நிலத்தைத் தட்டையாக்க ஓடுறேல்ல, தன்ர மண்ணைக் கொண்டுபோக எவ்வளவு சாய்வு வேணுமோ அந்தச் சாய்வுக்கு வெட்டியும் நிரப்பியும் வருது. தண்ணி ஓட நிலத்தில வைக்கிற சாய்வை மேசன்மார் ‘வாட்டம்’ எண்டு சொல்லுவினம் தானே, அதை வைச்சு ‘வாட்டமாக்கல்’ எண்டு பாக்கலாமா? அதை வேற தலைப்பில தொடங்குங்கோ, இதுக்குள்ள போட்டுக் குழப்பவேண்டாம்.

நான் வெட்டின அந்த விடைத்தாள் இன்னும் என்னட்டத்தான் கிடக்கு. சனிக்கிழமை வகுப்பில அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு பொரலஸ்கமுவக் களியையும் ஒரு கருங்கல்லையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டி, திரும்ப எழுதச் சொல்லப்போறன்.