வீட்டுக்குள் வெப்பம் வரும் வழியைக் காண வெப்பப் படக் கமரா தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், மீள்குடியேற்றத்தின் பின் சீமெந்துக் கல்லால் கட்டி அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட எங்கள் வீட்டில், சோளகக் காலத்துப் பகலில் வயதான அம்மம்மாவால் உள்ளே இருக்கவே முடிவதில்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதா, சீலிங் போடுவதா, மேற்குச் சுவருக்கு நிழல் அமைப்பதா என்பதை, கையில் உள்ள சிறு தொகையைச் செலவிடும் முன் அளந்து பார்த்து முடிவெடுக்க விரும்புகிறேன். அஸ்பெஸ்டஸைத் துளைக்கவோ சுரண்டவோ கூடாது என்பதால், பொருட்களின் மேற்பரப்பு விடும் வெப்பக் கதிர்ப்பைக் கொண்டு சூடான இடங்களைப் படமாகக் காட்டும் வெப்பப் படக் கமராவால் தொடாமலே பார்க்கும் முறை எனக்கு மிகவும் பொருத்தமாகத் தெரிகிறது.

குளிர்நாடுகளில் இக்கமராவைக் கொண்டு, சூடாக்கிய வீட்டிலிருந்து வெப்பம் வெளியேறும் இடங்களைத் தேடுகிறார்கள். அதற்கு உள்ளுக்கும் வெளிக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வேறுபாடு வேண்டும் என்பார்கள். யன்னல்கள் திறந்தே கிடக்கும் எங்கள் வீட்டில் அவ்வளவு வேறுபாடு இராது. ஆகவே நண்பகல் கடந்ததும் கூரையின் அடிப்பக்கத்தையும், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் மெல்ல விடுவதால், பொழுதுபட்ட பின் மேற்குச் சுவரின் உட்புறத்தையும் படமெடுக்க எண்ணுகிறேன். இந்த நேரங்கள் சரியா? அயலிலுள்ள புதிய தகரக் கூரையுடன் ஒப்பிடும்போது, மினுங்கும் உலோகம் வெப்பக் கதிர்ப்பைக் குறைவாகவே விடுவதால் கமரா காட்டும் அளவு பிழையாகும். கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டி அந்த இடத்தை அளந்தால் போதுமா?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சோலார் பனல்களையோ மின்இணைப்புகளையோ சோதிக்க இக்கமரா வைத்திருப்பவர்கள், ஒரு நாள் வாடகைக்குத் தரவோ நேரில் வந்து படமெடுக்கவோ முடியுமாயின் தயவுசெய்து அறியத்தாருங்கள். கைப்பேசியில் பொருத்தும் சிறிய கமராவும் போதும்.