அம்மாவின் டிஷ் பில்

கைபேசிக் குழு: சுங்கை சிப்புட் (மலேசியா) பெரிய குடும்பம்
செவ்வாய்க்கிழமை

செல்வி அக்கா: சனிக்கிழமை அப்பா திவசத்துக்கு எல்லாரும் வருகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். அம்மா வீட்டு டிஷ் டிவி கணக்கை நிறுத்தச் சொல்லி இன்று கம்பெனிக்குப் போன் பண்ணினேன். 700 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால்தான் நிறுத்துவார்களாம்.

சங்கர்: 700 ஆ?

பிரியா: எதற்கு அக்கா?

செல்வி அக்கா: 24 மாத ஒப்பந்தமாம். 10 மாதம் முடிந்தது, இன்னும் 14 பாக்கி, மாதத்துக்கு 50 வெள்ளி.

குமார் அண்ணன்: அம்மா எப்போது ஒப்பந்தம் போட்டார்? அது அப்பா காலத்துக் கணக்கு.

செல்வி அக்கா: அதைத்தான் சொல்ல வருகிறேன். அப்பா போய் இரண்டு மாதம் இருக்கும், ஒரு பையன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இறந்தவர் பெயரில் கணக்கு இருக்கக் கூடாது, உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், ஐசி (அடையாள அட்டை) கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். பழைய பெட்டியையும் சும்மா மாற்றித் தருகிறோம் என்றானாம். அம்மா அவன் நீட்டிய டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டார். காகிதம் ஒன்றும் கொடுக்கவில்லை.

லெட்சுமி அத்தை: சிவப்பு மோட்டார் பையனா? எங்கள் லைன் வீடுகளுக்கும் வந்தானே

லெட்சுமி அத்தை: நான் நாய் கட்டவில்லை என்று சொல்லிக் கதவைத் திறக்கவே இல்லை

சங்கர்: நல்லது அத்தை

செல்வி அக்கா: அவன் போட்டது பெயர் மாற்றம் இல்லை, புது ஒப்பந்தம். முதல் ஆறு மாதம் 69.90. அதற்குப் பிறகு 99.90. அறைக்கு இன்னொரு பெட்டி, அதற்கும் அப்போதிலிருந்து தனியாக 25. அம்மா ஒருத்தர் இருக்கிற வீட்டில் எதற்கு இரண்டாவது பெட்டி?

குமார் அண்ணன்: பில் என் கார்டில்தான் போகிறது. கூடியிருந்ததைப் பார்த்தேன். வரி ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

செல்வி அக்கா: நான்கு மாதமாய் நினைத்துக்கொண்டே இருந்தாயா?

குமார் அண்ணன்: ஜொகூரில் இருந்துகொண்டு நான் வேறு எப்படிப் பார்ப்பது? பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்திருக்கலாம்.

செல்வி அக்கா: பக்கத்தில் இருக்கிறவள்தான் மருந்துக்கும் போகிறேன், மார்க்கெட்டுக்கும் போகிறேன். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) படிவத்துக்கு மூன்று தடவை ஈப்போ போனதும் நான்தான்.

மணியம் மாமா: ஈபிஎஃப் கதையை இங்கே எடுக்க வேண்டாம். இருவரும் கொஞ்சம் பொறுங்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரியா: மாமா எழுதுகிறார், எல்லாரும் காத்திருங்கள்

லெட்சுமி அத்தை: சனிக்கிழமை எத்தனை பேர் சாப்பாடு? வாழைக்காய் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்

சங்கர்: நாங்கள் ஐந்து பேர்

மணியம் மாமா: முதலில் வரியைத் தனியாக வைப்போம். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, அது அரசாங்கம் போட்டது, அதைப் பற்றி அந்தக் கம்பெனியிடம் சண்டை போட முடியாது. 69.90க்கு வரியோடு 75.49 வரும். இப்போது 124.90க்கு வரியோடு 134.89 வருகிறது. வித்தியாசம் மாதம் 59.40, நான்கு மாதத்துக்கு 237.60. இது வரி இல்லை, அக்காவிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், வாயால் சொல்லாமல் ஏற்றிய பணம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான, தவறாக நம்பவைக்கும் பேச்சால் விற்கக் கூடாது என்று இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றியும் 2010 திருத்தத்தில் தனிப் பகுதியே சேர்த்தார்கள். கையெழுத்து இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்தக் கையெழுத்தை என்ன சொல்லி வாங்கினான் என்பதுதான் கேள்வி. குமார், 700ஐக் கட்டிவிடாதே.

குமார் அண்ணன்: நான் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். கட்டினால் முடிந்தது, அம்மாவுக்கும் நிம்மதி.

மணியம் மாமா: கட்டினால் நாம் ஒத்துக்கொண்டோம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சங்கர்: மாமா சொல்வது சரி

பிரியா: பெரியம்மா எப்படி இருக்கிறார்?

செல்வி அக்கா: அழுகிறார். இத்தனை நாள் நம்மிடம் சொல்லவே இல்லை. திட்டுவோம் என்று பயம்.

குமார் அண்ணன்: யாரும் திட்டவில்லை. அம்மாவிடம் சொல்.

செல்வி அக்கா: நீயே போன் பண்ணிச் சொல்.

லெட்சுமி அத்தை: படித்தவர்களையே ஏமாற்றுகிறார்கள், அக்கா என்ன செய்வார்

பிரியா: மாமா, வழக்கறிஞர் வேண்டுமா? செலவாகுமே

மணியம் மாமா: வேண்டாம் அம்மா. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் வைக்கக் கூடாது, நாமேதான் பேச வேண்டும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், விஷயம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், நமக்குப் பத்து மாதம்தான் ஆகிறது. மனுப் படிவத்தைப் போரம் 1 என்பார்கள், இணையத்திலும் போடலாம். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் அதுவே குற்றம். ஆனால் அதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்க வேண்டும். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். அவர்கள் மசியாவிட்டால் தொலைத்தொடர்புக்கென்று தனியாகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது, அங்கேயும் எழுதலாம்.

சங்கர்: மாமா இதெல்லாம் எப்படித் தெரியும்

லெட்சுமி அத்தை: முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை, மற்றவர்களுக்கு மனு எழுதியே கை தேய்ந்தது

மணியம் மாமா: ஒப்பந்தம் அக்கா பெயரில் இருப்பதால் மனுவும் அவர் பெயரில்தான். செல்வி, ஒப்பந்த நகல் கேள், எல்லா பில்லையும் எடுத்து வை. அவன் வந்த நாள், சொன்ன வார்த்தை, அக்கா எது எதை ஞாபகம் வைத்திருக்கிறாரோ அப்படியே இன்றே எழுதித் தேதி போடு. அந்த லைனில் வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் அவர்களும் எழுதித் தரட்டும்.

லெட்சுமி அத்தை: மூலை வீட்டு ஆண்டிக்கும் இதேதான். இரண்டு பெட்டி. மகன் வீட்டில் சொல்லவில்லை

செல்வி அக்கா: அவரும் வருவாரா?

லெட்சுமி அத்தை: கேட்டுப் பார்க்கிறேன். மகனுக்குத் தெரிந்தால் சத்தம் போடுவான்

குமார் அண்ணன்: மழை வந்தால் படமே வருவதில்லை, அதற்கும் சேர்த்துக் கேட்க முடியாதா மாமா?

மணியம் மாமா: அதைக் கலக்காதே. டிஷ்சுக்கு வரும் அலை கனத்த மழையில் பலவீனமாகும், நம் ஊர் மழைக்கு அது எல்லா வீட்டிலும் நடக்கிறது. நம் பக்கம் பலமாக இருப்பது அந்தப் பையன் சொன்ன வார்த்தையில்தான்.

பிரியா: பெரியம்மாவுக்கு டிஷ் வேண்டுமா வேண்டாமா, அதை யாராவது கேட்டீர்களா?

செல்வி அக்கா: கேட்டேன். ராத்திரி தமிழ்ச் செய்தி, அப்புறம் ஒரே ஒரு நாடகம். அவ்வளவுதான் பார்க்கிறார். அப்பா நாற்காலி காலியாக இருக்கிறது, டிவி ஓடினால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்.

குமார் அண்ணன்: ம்

சங்கர்: செய்திக்கு அரசாங்கத்து டிவி2 போதுமே. மைடிவி என்கிற இலவச ஒளிபரப்புக்கான பெட்டி வாங்கி ஏரியல் மாட்டினால் மாதக் கட்டணமே கிடையாது. எங்கள் வீட்டில் 2019இல் பழைய ஏரியல் ஒளிபரப்பு நின்றபோது மாட்டியது, இன்னும் ஓடுகிறது.

செல்வி அக்கா: நாடகம்?

சங்கர்: அது போனில் பார்க்கலாம்

லெட்சுமி அத்தை: அக்காவுக்குப் போனில் எழுத்தே தெரியாது சங்கர்

பிரியா: நான் சனிக்கிழமை வந்து சொல்லித் தருகிறேன்

குமார் அண்ணன்: சரி, நான் கட்டவில்லை. கார்டில் தானாகப் போவதை நிறுத்திவிடட்டுமா?

மணியம் மாமா: இப்போது நிறுத்தாதே. கட்டவில்லை என்று நம் மேல் குறை சொல்ல இடம் வேண்டாம். முதலில் புகார், பிறகு பார்ப்போம்.

செல்வி அக்கா: எனக்கென்னவோ நிறுத்துவதுதான் சரி என்று படுகிறது. இன்னும் எத்தனை மாதம் 134.89 கொடுப்பது?

மணியம் மாமா: சனிக்கிழமை பேசலாம்.

செல்வி அக்கா: தீர்ப்பாயத்துக்காக ஈப்போவுக்குப் போக வேண்டி வந்தால் அம்மாவை யார் அழைத்துப் போவது? எனக்கு இந்த மாதம் லீவு இல்லை.

குமார் அண்ணன்: நான் வெள்ளி ராத்திரி பஸ் எடுக்கிறேன். திங்கள் வரை இருக்க முடியுமா என்று கேட்கிறேன்.

செல்வி அக்கா: போன முறையும் கேட்கிறேன் என்றுதான் சொன்னாய்.

குமார் அண்ணன்: இந்த முறை வருகிறேன் அக்கா. அம்மாவோடு நானே போகிறேன்.

லெட்சுமி அத்தை: படையலில் உங்கள் அப்பாவுக்குக் கோப்பி ஓ மறக்காதீர்கள், பாலும் சீனியும் போடாமல்

பிரியா: எழுதி வைத்துவிட்டேன் அத்தை

செல்வி அக்கா: மாமா, இப்போதுதான் அம்மா சொன்னார். சமையலறையில் போன வருட நாட்காட்டி, அப்பா மாட்டியது, இன்னும் எடுக்கவில்லை. அதில் அந்தத் தேதிக்கு நேரே அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார். "பேர் மாத்த ஆள் வந்தது." கீழே அந்தப் பையனின் போன் எண்.

மணியம் மாமா: கிழிக்காதே. சுவரில் இருக்கிறபடியே படம் எடு, தேதி தெரிய வேண்டும். படத்தை எனக்கு அனுப்பு, குழுவில் போடாதே.

குமார் அண்ணன்: அம்மா எழுதி வைத்திருக்கிறாரா?

செல்வி அக்கா: அப்பா பில் கட்டினால் அப்படித்தான் குறித்து வைப்பார். அதைப் பார்த்து இவரும்.

சங்கர்: வாழையிலை நான் கொண்டு வருகிறேன். எத்தனை?