காலித் ஜமீலும் காந்தி மைதானத்து மாஸ்டரும்

அஸ்தம்பட்டியிலிருந்து:

தொண்ணூறுகளின் இறுதியில் சேலம் காந்தி மைதானத்தில் எங்களுக்குக் கால்பந்து கற்பித்தவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் அழைப்போம். துறை அணி ஒன்றில் பல ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடி, முழங்கால் ஒத்துழைக்காமல் ஊர் திரும்பியவர். எதிரே நிற்பவன் எனக்குப் பந்தை உதைப்பான். அது என் காலுக்கு வந்து சேர்வதற்குள், எனக்குப் பின்னால் நிற்கும் மாஸ்டர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், பந்தை எவ்வளவு அழகாக நிறுத்தினாலும் அது கணக்கில் வராது. "பந்து எங்கயும் போயிடாது கண்ணு, பின்னாடி எவன் நிக்கிறான்னு மொதல்ல பாரு" என்பார். கோல் அடிப்பவனுக்குத்தான் கைதட்டல் என்று நம்பியிருந்த வயதில், எனக்கு அது வீண் வேலையாகப்பட்டது.

கால்பந்துப் பயிற்சியாளர் காலித் ஜமீலைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். குவைத்தில் பிறந்து, மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா ஆகிய அணிகளில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்த ஜமீல், 2009இல் மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளரானபோது அவருக்கு வயது 32. பெரிய அணிகளின் பணபலம் இல்லாத அந்த அணியை, அப்போது நாட்டின் முதன்மைக் கால்பந்துத் தொடராக இருந்த ஐ-லீகில் ஏழு ஆண்டுகள் தரமிறங்காமல் காத்தார். அவர் விலகிய அடுத்த பருவத்திலேயே அது கடைசி இடத்துக்குப் போனது. அதே பருவத்தில் அவர் மிசோரத்தின் ஐஸ்வால் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக இருந்தார்.

2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு சூரமங்கலத்தில் இருந்த மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்டு, கோவா அணிகள் விலகியதால் மட்டுமே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸ்வால் எஃப்.சி., ஷில்லாங் லஜோங்குடன் கடைசி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தோற்காமல் இருந்தாலே கோப்பை அவர்களுக்கு. ஆனால் ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாஸ்டரோ எட்டுத் தட்டுவடைகளை எடுத்து, மேசையில் நான்கு நான்காக இரண்டு வரிசை அடுக்கினார். "இந்த ரெண்டு வரிசைக்கும் நடுவுல ஒரு தட்டுவடை அகலந்தான் இடம் இருக்கணும். முன்னாடி இருக்கறது நகர்ந்தா, பின்னாடி இருக்கறதும் சேர்ந்து நகரணும். இவன் பசங்க கோல் வாங்கியும் அதைக் கலைக்கலை பாரு" என்றார். சட்னியும் பீட்ரூட் துருவலும் மேசையெங்கும் சிந்தியதையும், மாஸ்டரின் வீட்டம்மா அதற்கு என்ன சொன்னார் என்பதையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதியில் ஐஸ்வால் சமன் செய்தது. ஆட்டம் 1-1 என முடிந்து, மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, வடகிழக்கிலிருந்து ஐ-லீகை வென்ற முதல் அணியானது.

ஏற்காட்டிலிருந்து:

மேலே குறிப்பிடப்பட்ட மாஸ்டரை நானும் சந்தித்திருக்கிறேன், ஆனால் எதிரணி ஆட்டக்காரனாக. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பாதிப் பேர் வாந்தி எடுத்த நிலையில், அவர் தம் பையன்களை ஒரு நட்பு ஆட்டத்துக்கு இங்கே அழைத்து வந்தார். அன்று எங்கள் மைதானத்தில் பனிமூட்டம் இறங்கி, ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் தெரியவில்லை. நாங்கள் ஆட்டம் முழுவதும் தாக்கினோம். பந்து மூன்று முறை காப்பித் தோட்டத்துக்குள் உருண்டு போனது. அவர்களோ பதினோரு பேரும் தம் பாதியிலேயே குவிந்து நின்று, ஒரே ஒரு முறை எங்கள் பக்கம் வந்து, ஒரு கோல் அடித்து வென்று கீழே இறங்கிவிட்டார்கள். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. ஜமீலிடமும் எனக்குள்ள குறை அதுவேதான். இந்தியன் சூப்பர் லீகில் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் என எங்கே போனாலும் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் சமாளிப்பது வேறு, பந்தைத் தன்வசம் வைத்து ஆடுவது வேறு.

மீண்டும் அஸ்தம்பட்டியிலிருந்து:

அந்த ஏற்காட்டு ஆட்டத்தில் வாந்தி எடுத்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் குறையில் பாதியை ஏற்கிறேன். 2025 ஆகஸ்டில் ஜமீல் தேசிய அணியின் பொறுப்பேற்றதும், தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி, மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பெற்றபோது, குவிந்து நின்று ஆடுவதன் பலன் தெரிந்தது. அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூருக்கு எதிராக முன்னிலை பெற்றும் 2-1 எனத் தோற்று, ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தபோது அதன் எல்லையும் தெரிந்தது.

அன்றிரவு கோபம் தாங்காமல் மாஸ்டருக்குத் தொலைபேசியில் அழைத்து, முன்கள ஆட்டக்காரர்கள் வீணடித்த வாய்ப்புகளைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டாவது கோல் விழுந்தப்போ நம்ம நடுக்கள ஹாஃப் ரெண்டு பேரும் எங்க நின்னாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.