யாழ்ப்பாணத்தில பிறந்த பிள்ளையை யப்பான் கொசெக்கியில (குடும்பப் பதிவேட்டில) பதிய நாள் இருக்கோ?

கோண்டாவில்காரி:
தங்கச்சியின்ர மனுசன் யப்பான்காரர். போன வருசம் தையில இங்க பதிவுத் திருமணம். யப்பான் பக்கம் இன்னும் அறிவிக்கேல்லை, அதுக்கு 3 மாதம்தானாம். இந்த மார்ச் 18 இல மகன் பிறந்தவன். இனிப் பதியேலாதோ?

ஒசாகாவாசி:
அக்கா, கலியாணத்துக்கும் 3 மாதம், பிறப்புக்கும் 3 மாதம். ஆனா ரெண்டும் ஒண்டில்லை. கலியாண அறிவித்தல் பிந்தினால் காரணக் கடிதத்தோட எடுப்பினம். சட்டப்படி 50,000 யென் வரை தண்டம் வரலாம், அவ்வளவுதான். இலங்கையில செய்த கலியாணம் செல்லும்.

பிறப்புத்தான் ஆபத்து. யப்பானுக்கு வெளியில பிறந்து, தாய் வழியா இலங்கைக் குடியுரிமையும் வந்த பிள்ளைக்கு ‘கொக்குசெக்கி ரியூஹோ’ குடுக்கவேணும், அதாவது யப்பான் குடியுரிமையை வைத்திருக்கிறம் எண்ட அறிவிப்பு. விட்டால் பிறந்த நாளில இருந்தே அந்தக் குடியுரிமை இல்லை. 2015 இல அங்கத்தைய உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவு செல்லும் எண்டுட்டுது. பிறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுறது: கடைசி நாள் ஜூன் 17, 18 இல்லை. பிறப்புப் படிவத்தில ‘ஏனையவை’ பெட்டிக்குள்ள ஒரு வரி, பக்கத்தில கையொப்பம். மிச்சமெல்லாம் நிரப்பிப்போட்டு இதை மறக்கிற ஆக்கள் இருக்கினம்.

சுன்னாகத்தான்:
முதல் இங்கத்தைய பதிவு, 42 நாளுக்குள்ள. அந்தப் பத்திரத்துக்கு யப்பானிய மொழிபெயர்ப்பு வேணும். தகப்பனே செய்யலாம், கீழ மொழிபெயர்த்தவர் எண்டு பேர் போட்டால் சரி. பிறந்த நேரம் மணி நிமிசத்தோட கேக்கும். சாதகத்துக்குக் குறிச்ச துண்டு காணாது, ஆஸ்பத்திரிக் குறிப்பு எடுங்கோ.

பேரையும் வடிவாப் பாருங்கோ. கொசெக்கியில தகப்பன்ர குடும்பப்பேர்தான் வரும். எங்கட வழக்கப்படி தகப்பன்ர சொந்தப் பேரை முன்னால போட்டால் ரெண்டு கடவுச்சீட்டும் ஒத்துவராது. கதகனா எண்ட யப்பானிய எழுத்தில லகரமும் ரகரமும் ஒண்டு. நிலனும் நிரனும் அங்க ஒரே ஆள்.

கோண்டாவில்காரி:
தங்கச்சியின்ர பேரும் ஏறுமோ? நாள் தவறினால் ஒரு வழியும் இல்லையோ?

ஒசாகாவாசி:
அவ உறுப்பினரா ஏறமாட்டா, கொசெக்கி யப்பான் குடிமக்களுக்கு மட்டும். மனுசன்ர விபரத்துக்குக் கீழ இன்னாரை முடிச்சவர் எண்டு குறிப்பு வரும். தவறினால், 18 வயசுக்கு முந்தி பிள்ளை யப்பானில வதிவிடம் எடுத்து அறிவிச்சு மீட்கலாம். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ஏலாது.

கலியாணத்தையும் பிறப்பையும் ஒரே நாளில குடுக்கலாம், கலியாணத் தாள் மேல. ஜூன் நடுப்பகுதி வரை இழுக்காதேங்கோ. தூதரகம் கொழும்பில; ஒரு எழுத்துப் பிழை பிடிச்சால் திரும்பவும் இரவு பஸ்தான்.