நெல் ஈரப்பதம் 17-ஆ, 22-ஆ? மீட்டரை யார் பிடிக்கிறார்கள் என்பதையும் பேசுவோம்

வெண்ணாற்றங்கரை:
2025 அக்டோபர் மழையில் டெல்டாவில் குறுவை நெல் நனைந்தது. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. நவம்பரில் வந்த பதில், முடியாது. 2022 அக்டோபரில் 19 வரை தந்தவர்கள், 2023 பிப்ரவரியில் 20 வரை தந்தவர்கள், 2025-ல் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

கையறுப்பு இருந்த காலத்தில் அறுத்துப் போட்ட அரி வயலிலேயே ஒருநாள் கிடந்து காயும். கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி முடிப்பதற்குள் பாதி ஈரம் போய்விடும். இன்றைக்கு மிஷின் அறுப்பு. நெல் மிஷினிலிருந்து நேரே டிராக்டருக்கு வருகிறது. ஆளும் இல்லை, களமும் இல்லை, தார் ரோட்டில் காயப்போடுகிறோம். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? 17 என்பது ஐப்பசி மழை பெய்யாத ஊருக்குப் போட்ட எண்.

அட்டைதாரர் பெரம்பூர்:
உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நெல்தான் அரிசியாகி எங்கள் ரேஷன் கடைக்கு வருகிறது. மழைக்கால நெல்லை ஈரத்தோடு அடுக்கினால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். போன வருடம் நான் வாங்கிய அரிசியை மூன்று தண்ணீர் கழுவியும் வாடை போகவில்லை. அதை வாங்கித்தான் ஆக வேண்டிய வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. வரம்பைத் தளர்த்துவது எளிது. தளர்த்தியதை யார் சாப்பிடுவது?

மேல்மாடி:
17 நிபந்தனை இயற்கைச் சட்டம் மாதிரி பேசுகிறீர்கள். 2023 ஏப்ரலில் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானில் கோதுமை நனைந்தபோது சுருங்கிய, உடைந்த மணிக்கான வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். மூன்று மடங்கு! அப்போது சாப்பிடுபவர் நினைவு வரவில்லையா? டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து போராடிய விவசாயிகளின் மாநிலங்கள் அதில் இரண்டு. நம் பக்கம் அந்தப் பலம் இல்லை. இது தரப் பிரச்சினை இல்லை, அரசியல்.

அரவை முகவர்:
பஞ்சாப் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அந்தத் தளர்வு விலைக்குறைப்போடு வந்தது. பிடித்த பணத்தைத் தாங்களே ஈடுகட்டுவதாகப் பஞ்சாப் அரசு அறிவித்தது. ஆக, யாரோ ஒருவர் பணம் போட்டார்.

இங்கே யார் போடுவார்? 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் என்றால் உலர்ந்த பொருள் 78 கிலோ. அதையே 17-க்குக் காயவைத்தால் 94 கிலோதான் நிற்கும். 6 கிலோ தண்ணீர். சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் குவிண்டால் 2,545 ரூபாய், அதன்படி அந்தத் தண்ணீரின் விலை சுமார் 153 ரூபாய். மத்திய விலை 2,389-க்கு மேல் மாநில அரசு அப்போது தந்த ஊக்கத்தொகையே 156 ரூபாய்தான். நாங்கள் அரசுக்குப் புழுங்கல் அரைத்துக் கொடுத்தால் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும். 22-ல் வந்த நெல்லில் அது வரவே வராது.

வெண்ணாற்றங்கரை:
முகவர் ஐயா, புழுங்கலுக்கு நீங்களே நெல்லைத் தொட்டியில் ஊறப்போடுகிறீர்கள். ஊறப்போகிற நெல் ஈரமாக வந்தால் என்ன குறைந்துவிடும்?

அரவை முகவர்:
வந்த அன்றே ஊறவைத்தால் சரி. அது திறந்தவெளிக் கிடங்கில் தார்ப்பாய்க்குக் கீழே மாதக்கணக்கில் அட்டியில் கிடந்துவிட்டு வருகிறதே. அடி மூட்டையைப் பிரித்தால் முளைவிட்டிருக்கும். அக்டோபரில் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தேங்கியபோது, ரேஷன் அரிசியில் சேர்க்கும் செறிவூட்டிய அரிசிக் கலவைக்கு மத்திய ஒப்புதல் தாமதம் என்றார் அப்போதைய உணவு அமைச்சர் சக்கரபாணி. முன்கூட்டியே ஏற்பாடு செய்யவில்லை என்றார் எடப்பாடி பழனிசாமி. யார் சொன்னது சரியாக இருந்தாலும் நனைந்தது நெல்தான்.

பட்டியல் எழுதியவன்:
நான் பல பருவம் கொள்முதல் வேலை பார்த்தவன். எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் டெல்லி எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். களத்தில் நடப்பது வேறு. வரம்பு 17 என்று பலகையில் இருக்கும். மழை நாளில் 17-க்குள் வருகிற நெல் அபூர்வம். அப்படியானால் அன்று ஒரு மூட்டைகூட எடுக்கக்கூடாது. ஆனால் எடுத்தோம். யாருடையதை எடுப்பது, யாரை ‘நாளைக்குக் காயவைத்துக் கொண்டு வாங்க’ என்று அனுப்புவது என்பது என் கையில் வந்தது. அங்கேதான் மூட்டைக்கு இவ்வளவு என்ற பேச்சு பிறக்கிறது. கிடங்கில் எடை குறைந்தால் அதை என்னிடம் பிடிப்பார்கள் என்ற பயம் எனக்கு. அதை ஈடுகட்ட எடையில் கைவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேல்மாடி:
ஐயா சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவிலும் இதே முடிச்சு இருந்தது. 1916-லேயே தானியத் தரச் சட்டம் போட்டுவிட்டார்கள், தர எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் துறைமுகத்தில் சோதிப்பவர்களில் பலர் அரசு உரிமம் வைத்திருந்த தனியார் அமைப்புகளின் ஆட்கள், அந்த அமைப்புகளோ தானிய வியாபாரத்தோடு பிணைந்தவை. 1975-ல் நியூ ஆர்லியன்ஸில் லஞ்சம், எடைக்குறைப்பு, பொய்த் தரச்சான்று என்று வழக்குகள் வெடித்தன. ஹியூபர்ட் ஹம்ப்ரி, டிக் கிளார்க் போன்ற செனட்டர்கள் அரசே சோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வியாபாரிகள் எதிர்த்தார்கள். 1976-ல் சமரசம்: கூட்டாட்சி தானியச் சோதனைப் பணி என்ற தனி அமைப்பு பிறந்தது, ஏற்றுமதித் துறைமுகம் அரசின் கைக்குப் போனது, உள்நாட்டில் தனியாரும் தொடர்ந்தார்கள். அங்கே தர எண்களில் கோளாறு இல்லை, மீட்டரைப் பிடிப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்பதில் இருந்தது. இங்கே வாங்குபவரே சோதிக்கிறார், அவரே எடை போடுகிறார்.

அட்டைதாரர் பெரம்பூர்:
தம்பி, அங்கே விற்றது கப்பல் கப்பலாக அனுப்புகிற கம்பெனி. இங்கே விற்பவர் இரண்டு ஏக்கர்க்காரர். அவர் மேல்முறையீட்டுக்கு எங்கே போவார், மழையில் மூட்டையை விட்டுவிட்டா?

வெண்ணாற்றங்கரை:
அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. மாதிரியை என் கண்முன் எடுத்து இரண்டாகப் பிரிக்கட்டும். ஒன்றை நிலையத்தில் பார்க்கட்டும், இன்னொன்றைச் சீல் வைத்து வேளாண்மைத் துறை ஆளிடம் கொடுக்கட்டும். மீட்டர் காட்டிய எண்ணை ரசீதில் எழுதட்டும். இப்போது வாயால் ‘இருபத்தொன்று’ என்கிறார்கள், நான் நம்ப வேண்டியிருக்கிறது. 19 இருந்தால் 19-க்கான பணத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், சண்டை போடமாட்டேன். திருப்பி அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அரவை முகவர்:
பணம் பிடிப்பதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் நான் உங்கள் பக்கம். ஆனால் எந்தக் கட்சி ‘விலையைக் குறைத்து வாங்குவோம்’ என்று டெல்டாவில் மேடையேறிச் சொல்லும்? 22 கேட்பதில் ஓட்டு இருக்கிறது. வட்டத்துக்கு நாலு உலர்த்தும் இயந்திரம் வைப்பதில் செலவு மட்டும்தான்.

பட்டியல் எழுதியவன்:
ரசீதில் எண் எழுதுவதை முதலில் எதிர்ப்பது என் போன்றவர்களாகத்தான் இருக்கும். 20 என்று எழுதி எடுத்தால் நான் விதியை மீறியதற்கு நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். எடையிழப்பைப் பருவக்காலப் பணியாளரிடம் பிடிக்கமாட்டோம் என்று முதலில் ஆணை வரட்டும். அதற்குப் பிறகு எழுதச் சொல்லுங்கள், எழுதுவோம்.

அட்டைதாரர் பெரம்பூர்:
17-ஐத் தளர்த்த நான் இன்னும் சம்மதிக்கவில்லை. உலர்த்தும் இயந்திரம் வேண்டும் என்பதில் மட்டும் கூட வருகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
சம்பா தை மாதம் அறுப்புக்கு வந்துவிடும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் ரசீது, இரண்டாவது மாதிரி, எடையிழப்புப் பிடித்தம் மூன்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுக்கிறேன். பட்டியல் எழுதிய ஐயா, வாசகத்தை ஒருமுறை பார்த்துத் தாருங்கள். நிலையத்து வேலையை உள்ளிருந்து பார்த்தவர் நீங்கள்.