பொங்கல் கூட்டுச் சமையல், 120 பேர்: உந்தியு, லிட்டி, அரிசிம்பருப்பு ஒரே அடுப்படியில் ஆகுமா?

பீளமேடு_அடுப்படி கேட்டது:

வணக்கமுங்க. எங்க குடியிருப்பில் காணும் பொங்கலன்னிக்கு மத்தியானம் 120 பேருக்குச் சாப்பாடு. பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்க, மீதி குஜராத், பீகார், கேரளா. இப்போதைக்குப் பட்டியல்: அரிசிம்பருப்புச் சாதம், உந்தியு (குஜராத்திக் காய்க்கறி), லிட்டி–சோக்கா (பீகார்ல பூரணம் வெச்சுச் சுடற கோதுமை உருண்டையும் சுட்ட கத்தரி மசியலும்), அவியல், ஒப்புட்டு (போளி), தயிர். பெரிய கேஸ் அடுப்பு மூணு, வேலைக்கு ஆறு பேர். மாடியில் கரி மூட்ட அனுமதி இல்லை. பந்தி 12.30க்கு. அளவு என்ன, எதை முந்தின நாளே முடிக்கலாம், உந்தியுவுக்கான காய் இங்கே கிடைக்குமா? எல்லாரும் வீட்டளவு தெரிஞ்சவங்கதான், அண்டா அளவுதான் பயம்.

ஈரோட்டு_அண்டா:

மொதல்ல அவியலை எடுத்துருங்க. உந்தியுவும் அவியலும் ரெண்டுமே கிழங்கு, வாழைக்காய், தேங்காய்தான். ஒரே பந்தியில் ரெண்டும் வெச்சா நறுக்கறவங்க கைதான் போகும். கேரளக்காரங்க கையால் இஞ்சிப்புளி செய்யச் சொல்லுங்க. மூணு நாள் முன்னாடியே செஞ்சுடலாம், அன்னிக்கு அடுப்பே வேண்டாம்.

அரிசிம்பருப்புக்கு அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ. லிட்டி இருக்கிறதால் ஆளுக்கு 80 கிராம் கணக்கு போதும். இது மட்டும்தான்னா 130 பிடிக்கணும். சின்ன வெங்காயம் 2 கிலோ, பூண்டு அரைக் கிலோ, தக்காளி 2 கிலோ, வரமிளகாய் 100 கிராம், சீரகம் 80, மிளகு 40, மஞ்சத்தூள் 30, கடலெண்ணெய் 600 மில்லி. தேங்காய் மூணு, பல்லுப் பல்லாக் கீறினது. உப்பு 300 கிராமில் ஆரம்பிச்சு, தண்ணி கொதிக்கறப்ப நக்கிப் பார்த்து ஏத்துங்க.

தண்ணியில்தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. வீட்டில் 1க்கு 3 வைக்கிறோம்னு அண்டாவிலும் வெச்சா களி. அண்டாவில் உள்ள இருக்கிற தண்ணியோட ஒப்பிட்டா ஆவி போற வாய் சின்னது. படியளவில் 1க்கு 2.5 போதும், அதாவது 10 கிலோ (அளந்தா சுமார் 12 லிட்டர்) அரிசி பருப்புக்கு சுமார் 30 லிட்டர். இன்னொண்ணு, தக்காளியோட பருப்பைச் சேர்த்துப் போடாதீங்க. புளிப்பு ஏறினா பருப்பு எத்தனை நேரமானாலும் மலராது. தனி போசியில் பருப்பை முக்காப் பதம் வேகவிட்டு, அந்தத் தண்ணியையும் 30 லிட்டர் கணக்கிலேயே சேர்த்துக்குங்க. தாளிச்சு வதக்கினதில் கொதிக்கிற தண்ணியை ஊத்துங்க, பச்சைத் தண்ணி ஊத்தினா மறுபடி கொதி வர அரை மணி போயிரும். அரிசி 20 நிமிஷம் ஊறினது போதும். தண்ணியும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் அடியில் பழைய தோசைக்கல் வெச்சு, தீயைச் சுருக்கி, மூடி மேல பாரம் ஏத்தி 15 நிமிஷம். அப்புறம் கரண்டியே போடக் கூடாது.

ஒப்புட்டை முந்தின நாள் முடிச்சுருங்க. கடலைப்பருப்பு 2 கிலோ, வெல்லம் 2 கிலோ, மைதா 2 கிலோ, மாவில் எண்ணெய் 300 மில்லி, 120 வரும். பருப்பு விரலில் நசுங்கணும், ஆனா குழையக் கூடாது. குழைஞ்சா வெல்லம் சேர்ந்ததும் இளகி, தட்டும்போது பிதுங்கிரும். இளகிட்டா மாவு தூவாதீங்க, திரும்பவும் அடுப்பில் கிளறி இறுக்குங்க.

வடவள்ளி_சட்டுவம்:

உந்தியு பத்திங்க. இது சூரத் பக்கம், சங்கராந்திச் சமையத்துக் கறி. மண் பானையில் காயை அடைச்சு, கவுத்து, குழிக்குள்ள வெச்சு மேல தீ மூட்டறது பழைய முறை. கவுத்து வைக்கிறதைச் சொல்ற சொல்லில் இருந்துதான் பேரே வந்தது. அண்டாவில் அந்தப் புகை வாசம் வராது, ஆனா ருசி வரும்.

காய்க்குப் பயப்பட வேண்டியதில்லை. அவங்க போடற பாப்டி, நம்ம நாட்டு அவரை, மொச்சை எல்லாம் ஒரே செடி இனம். தை மாசம் உழவர் சந்தையில் பச்சை மொச்சையும் அவரையும் மலிவுதான். ஊதாக் கிழங்கு அவங்களுக்கு முக்கியம், நம்ம பக்கம் ராசவள்ளின்னு கேட்டுப் பாருங்க. இல்லைன்னா சேனை, புளித்தண்ணியில் கழுவி எடுத்தா நாக்கு அரிக்காது. பச்சைப் பூண்டுத் தாளுக்குப் பதில் பூண்டும் வெங்காயத்தாளும்.

120 பேருக்கு: அவரையும் உரிச்ச மொச்சையும் சேர்த்து 5 கிலோ, சின்ன உருளை 3, சேனை 3, சக்கரைவள்ளி 2.5, சின்னக் கத்தரி 2.5, வாழைக்காய் 2. மசாலாவுக்குத் தேங்காய் 8, கொத்தமல்லி ஒண்ணரைக் கிலோ, பச்சைமிளகாய் 350 கிராம், இஞ்சி 300, பூண்டு 400, வெள்ளை எள் 250, ஓமம் 60, சக்கரை 100, எலுமிச்சை 20. எண்ணெய் ஒண்ணரை லிட்டர். குறைச்சா அது வெறும் கூட்டு.

முத்தியா உருண்டைக்குக் கடலை மாவு 800 கிராம், கொரகொர கோதுமை மாவு 500, ஆஞ்ச வெந்தயக்கீரை 1 கிலோ. உப்பு சேர்ந்ததும் கீரை தண்ணி விடும். அதனால பிசையற நிமிஷம்தான் உப்பு, தண்ணி கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. தளர்ந்தா எண்ணெய் குடிக்கும். முந்தின நாளே பொரிச்சு வெச்சுக்கலாம். தேங்காய் மசாலாவை மட்டும் காலையில்தான் அரைக்கணும், ராத்திரி அரைச்சா புளிக்கும்.

முறை: கிழங்குகளை முக்காப் பதம் பொரிச்சு எடுத்துக்குங்க. சக்கரைவள்ளி சீக்கிரம் கரையும், பெரிசா நறுக்குங்க. அவரையும் மொச்சையும் ஓமத்தோட எண்ணெயில் வதக்கி, பச்சை நிறம் நிக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அதிகமானா சோப்பு வாசம். கத்தரியையும் வாழைக்காயையும் கீறி மசாலா அடைக்கணும். உயரமான அண்டா வேண்டாம், வாயகன்ற சட்டி ரெண்டு எடுங்க. காய் ஒரு சாண் உயரத்துக்கு மேல ஏறினா அடிக்காய் கூழாகும், மேல்காய் வேகாது. அவரை அடியில், கிழங்கு நடுவில், கத்தரி மேல. ஒரு சட்டிக்கு முக்கால் லிட்டர் தண்ணி, மூடி, சின்னத் தீயில் 30 நிமிஷம். கரண்டியால கிளறாதீங்க, ரெண்டு பேர் காதைப் பிடிச்சுக் குலுக்கினா போதும். முத்தியா கடைசி 10 நிமிஷம்தான், முன்னாடி போட்டா கரைஞ்சுரும். மசாலாவில் கால் பங்கு நிறுத்தி வெச்சு இறக்கும்போது சேருங்க, பச்சை வாசம் நிக்கும்.

திருப்பூர்_தவா:

லிட்டிக்குக் கரி இல்லாட்டியும் வழி இருக்குங்க. நம்ம குழிப்பணியாரச் சட்டி! மூடி போட்டு, சின்னத் தீ, திருப்பித் திருப்பி 20 நிமிஷம். 12 குழிச் சட்டி நாலு இருந்தா ஒரு ஈட்டுக்கு 48. ஆளுக்கு ரெண்டுன்னு 240க்கு அஞ்சு ஈடு. அது வீட்டு அடுப்புகளில் நடக்கட்டும், பெரிய அடுப்பைத் தொட வேண்டாம். பக்கத்து பேக்கரியில் ஓவன் ஓய்வா இருக்கிற நேரம் கேட்டா இன்னும் நல்லது: 200 டிகிரி, 25–30 நிமிஷம், நடுவில் ஒரு தடவை புரட்டணும்.

கோதுமை மாவு 8 கிலோ, நெய் அரைக் கிலோ, ஓமம் 50 கிராம், தண்ணி சுமார் 4 லிட்டர். சப்பாத்தி மாவை விட இறுக்கம். உள்ள வைக்கிறது ‘சத்து’, அதாவது வறுத்த கொண்டைக்கடலை மாவு, 3.5 கிலோ; நம்ம கஞ்சிச் சத்துமாவு இல்லை. கடலை மாவை வாங்கிடாதீங்க, பச்சை வாசம் போகவே போகாது. கிடைக்கலைன்னா தோலோட வறுத்த உப்பில்லாத கொண்டைக்கடலையை அரைச்சுக்கலாம். பொட்டுக்கடலை மூணாவது தேர்வு. பொடியா நறுக்கின வெங்காயம் 1 கிலோ, பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கருஞ்சீரகம், எலுமிச்சை, ஊறுகாய் மசாலா, கடுகெண்ணெய் 400 மில்லி. பதம் புட்டு மாவு மாதிரி: பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும். ஈரம் கூடினா ஆவி கட்டி லிட்டி வெடிக்கும். மாவு 50 கிராம், பூரணம் 25. தீ கூடினா வெளிய கருகி உள்ள மாவா நிக்கும்.

சோக்காவுக்கு நம்ம பச்சைக் கத்தரி ஆகாது, விதைதான் நிறைய. பெரிய ஊதாக் கத்தரி 5 கிலோ, பூண்டுப் பல் சொருகிச் சுடுங்க. உருளை 4, தக்காளி 3. சுட்ட கத்தரி விடற தண்ணியை வடிச்சுட்டுப் பிசையணும். லிட்டியைப் பிளந்து நெய்யில் முக்கறதுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்குனீங்கன்னா பீகார்க்காரங்களே கேட்டு வாங்குவாங்க.

பீளமேடு_அடுப்படி:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். மூணு ஜைனக் குடும்பம் இருக்காங்க. அப்புறம் கடுகெண்ணெய் நெடி நம்மவங்களுக்கு ஒத்துவருமா?

வடவள்ளி_சட்டுவம்:

ஜைனருக்குக் கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாதுங்க. பல பேர் கத்தரியும் தொட மாட்டாங்க. அவரை, மொச்சை, வாழைக்காய், முத்தியா மட்டும் தனிப் போசியில், இஞ்சிக்குப் பதில் சுக்கு. கரண்டியும் தனி. பொரிக்கிற எண்ணெயிலும் கவனம்: அவங்க முத்தியாவை மொதல்ல பொரிச்சுட்டு, அப்புறம் கிழங்கு.

திருப்பூர்_தவா:

பூரணத்துக்குப் போற எண்ணெயைப் புகை வர்ற வரை காய்ச்சி ஆறவிட்டா நெடி அடங்கிரும். சோக்காவை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணில் பச்சைக் கடுகெண்ணெய், ஒண்ணில் நல்லெண்ணெய். எது எதுன்னு எழுதி வெச்சுருங்க.

ஈரோட்டு_அண்டா:

அடுப்புக் கணக்கு: காலை 7 மணிக்கு ரெண்டு அடுப்பில் கிழங்கு பொரியல், மூணாவதில் பருப்பு. 9 மணிக்குக் கத்தரி சுடறது, உருளை வேகறது. 10.30க்கு ரெண்டு உந்தியுச் சட்டியும், மூணாவதில் அரிசிம்பருப்புக்குத் தண்ணி கொதிக்கவும். 11.15க்கு உந்தியு இறங்கினதும் அண்டா ஏறணும், 12.15க்கு தம் முடியும். சாதத்தை அண்டாவிலேயே மூடி சூடா வெச்சுப் பரிமாறுங்க. மிஞ்சினதை ராத்திரிக்குன்னு அண்டாவோட விட்டுறாதீங்க, நடுவில் சூடு ஆறாம சாயங்காலத்துக்குள்ள ஊசிரும். ரெண்டு மணிக்கே அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவெச்சு, வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுத்து ஃப்ரிட்ஜில் வெக்கச் சொல்லுங்க.