கெண்டைக்காலில் ‘டப்’ என்று விட்டுப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ரேஸ்கோர்ஸ் ஷட்டில்:
போன வருஷம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ஷட்டில் ஆடும்போது பின்னங்காலில் யாரோ பேட்டால் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. விரல்கள் அசைந்தன. சரி, சுளுக்குத்தான் என்று மேலூர்ப் பக்கம் ஒருவரிடம் 3 நாள் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். அந்த 3 நாளை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. 12-ஆம் நாள் எலும்பு டாக்டர் குப்புறப் படுக்கவைத்தார், பாதங்கள் கட்டிலுக்கு வெளியே. நல்ல காலின் ஆடுசதையை அமுக்கினார். தரையைப் பார்த்திருந்த விரல்கள் தானாகச் சுவர்ப் பக்கம் நீண்டன. மற்றக் காலை அமுக்கினார். பாதம் அப்படியே கிடந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். குதிகால் நரம்பு அறுந்திருந்தது. அப்படியானால் விரல் எப்படி அசைந்தது?

மெடிக்கல் முதல் வருஷம்:
அண்ணே, அது நரம்பு இல்லை, தசைநாண். தோலுக்கு அடியில் பிதுங்கித் தெரிகிற இரட்டைத் தலைத் தசை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையான சோலியஸ். இரண்டும் சேர்ந்து ஒரே நாணாகிக் குதிகாலில் பிடிக்கின்றன. விரலை மடக்குகிற தசைகள் அதற்கும் ஆழத்தில் தனியாக இருக்கின்றன. அவற்றின் நாண்கள் உள்கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து பாதத்துக்குள் போகும். உங்களுக்கு அவை அறுபடவில்லை, அதனால்தான் விரல் ஏமாற்றிவிட்டது.
எங்கள் டிசெக்‌ஷன் மேசையில் பிளான்டாரிஸ் என்ற சின்னத் தசையைத் தேடி அரை மணி நேரம் போனது. வலது காலில் இல்லவே இல்லை. இடது காலில், பூக்கட்டுகிற நார் மாதிரி ஒன்று முழங்காலிலிருந்து குதிகால் வரை ஓடியது. ஒரே ஆள், இரண்டு கால். அன்று ராத்திரி என் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

தல்லாகுளம் அக்கா:
நீவுகிறவரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். என் அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பை எடுத்துவிட்டதும் அப்படி ஒருவர்தான். எதிர்சேவைக்கு விடிய விடிய நின்றேன், அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் எனக்குக் குரக்களி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் என் கதை.
ஆனால் ஒன்று. குரக்களி பிடித்தால் முழங்காலை நீட்டி, விரல்களை முகத்தைப் பார்த்து இழுங்கள். முழங்காலை மடித்து இழுத்தால் மேல்தசை தளர்ந்துவிடும், சோலியஸ்தான் நீளும். நீண்ட நேரம் நிற்பவர்களும் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்களும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கால் ரத்தத்தை மேலே தள்ளுவது அந்தச் சதைதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் யாரையும் நீவ விடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ரேஸ்கோர்ஸ் ஷட்டில்:
நன்றி அக்கா. ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்க எனக்கு இன்னும் வரவில்லை. தம்பி, அந்த நார் எனக்கு இருந்ததா என்று ஆபரேஷன் செய்தவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.